தமிழக ஊர்ப்புறமும் மதுவிலக்கும்: இளையோரைக் காத்தல் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நம் ஊர்ப்புறச் சபைகளில் குடி ஒரு பழைய சிக்கல். சேகரக் குழுக் கூட்டங்களிலும் அருளுரைகளிலும் அது பெரும்பாலும் வளர்ந்த ஆண்களின் வீழ்ச்சியாகவே பேசப்படுகிறது. குடிப்பவர் கண்டிக்கப்படுகிறார், திருவிருந்திலிருந்து விலக்கப்படுகிறார், மனந்திரும்பினால் சாட்சி கூற மேடைக்கு அழைக்கப்படுகிறார். இவை எல்லாவற்றிற்கும் முற்பட்ட ஒரு காலம் உண்டு. பதினான்கு அல்லது பதினைந்து வயதுள்ள பிள்ளை முதற்குவளையை இன்னும் கையில் வாங்காதிருக்கும் காலம் அது. அக்காலத்தைப் பற்றித் திருச்சபையும் சமுதாயமும் என்ன சிந்தித்தன, என்ன செய்தன என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்று ஊர்ப்புற இளைஞரைச் சூழ்ந்திருப்பது மது மட்டுமன்று. புகையிலைப் பொட்டலம், கஞ்சா, மயக்கமூட்டும் மாத்திரை, முகர்ந்து போதை கொள்ளும் பசை ஆகியவையும் கூடவே வந்துள்ளன. எனினும் நம் மண்ணில் நீண்ட வரலாறு உடையது மதுவே. அதனை எதிர்த்து நடந்த முயற்சிகளின் நிறைவும் குறைவும் ஏனைய போதைப்பொருள்களுக்கும் பாடமாகும். அவ்வரலாற்றை ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. வெறுந்தடை இளையோரை நெடுநாள் காத்ததில்லை. தடையோடு கூட அவர்களுக்கு நல்ல மாலைப்பொழுதும், நேர்மையான பிழைப்பும், உடன் நடக்கும் பெரியோரும் கிடைத்த இடங்களிலேயே காவல் ஓரளவு நிலைத்தது.

1. ரேகாபியர் காட்டும் வழி

எரேமியா 35-ஆம் அதிகாரம் இப்பொருளுக்குத் தக்க தொடக்கமாகும். தீர்க்கதரிசி ரேகாபியரை ஆலயத்தின் அறையொன்றிற்கு அழைத்து வந்து அவர்கள்முன் திராட்சரசத்தை வைக்கிறார். அவர்கள் குடிக்க மறுக்கின்றனர். தங்கள் மூதாதையாகிய யோனதாப் இட்ட கட்டளையைக் காரணமாகக் கூறுகின்றனர். இந்த யோனதாப் யெகூ அரசனின் காலத்தவர் என்பதை 2 இராஜாக்கள் 10-ஆம் அதிகாரம் தெரிவிக்கிறது. எரேமியாவின் காலமோ அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் பிற்பட்டது. எட்டு அல்லது ஒன்பது தலைமுறைகள் ஒரு கட்டளை எவ்வாறு உயிரோடு இருந்தது?

விடை அவ்வதிகாரத்திலேயே உள்ளது. யோனதாப் குடியை மட்டும் விலக்கவில்லை. கூடாரங்களில் தங்கும் முறையையும், விதைப்பும் திராட்சத் தோட்டமும் இல்லாத பிழைப்பையும் அதனோடு சேர்த்தே தம் மக்களுக்கு அளித்தார். ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் ஒருங்கே அதனைக் கைக்கொண்டனர். பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சட்டமும் தந்தையர்க்கு வேறொரு வழக்கமும் அங்கு இருந்ததில்லை. ரேகாபியரின் விலக்கு ஒரு முழு வாழ்க்கை முறையின் பகுதியாக இருந்தமையாலேயே நிலைத்தது.

நாமும் கூடாரங்களில் வாழவேண்டும் என்பது இதன் பொருளன்று. கானா ஊர்க் கல்யாணத்தையும் ஆண்டவரின் பந்தியையும் அறிந்த திருச்சபை, மதுவைத் தொடாமையே மீட்பின் நிபந்தனை என்று போதிக்கவும் இயலாது. ஆயினும் இளைய தலைமுறைக்கு ஒரு நெறியைக் கையளிக்க விரும்புவோர், அந்நெறி தங்குவதற்கான வாழ்க்கையையும் சேர்த்துக் கையளிக்க வேண்டும் என்பதை இப்பகுதி கற்பிக்கிறது.

2. மேனாட்டு மதுவிலக்கு இயக்கமும் பிள்ளைகளும்

ரேகாபியரின் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மீண்டும் எழுந்தது. தொழிற்சாலை நகரங்களில் குடி பெருகிய காலம் அது. முதலில் எழுந்த சங்கங்கள் வடித்தெடுத்த கடுஞ்சாராயத்தை மட்டும் விலக்கி, பீர் முதலியவற்றை அளவோடு பருக இடமளித்தன. 1832-இல் பிரெஸ்டன் நகரில் ஜோசப் லிவ்சி என்னும் பாலாடைக்கட்டி வணிகரும் அவருடன் அறுவரும் எவ்வகை மதுவையும் தொடுவதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையொப்பமிட்டனர். 1835-இல் சால்ஃபோர்டில் ரேகாபியர் என்னும் பெயரிலேயே ஒரு பரஸ்பர உதவிச் சங்கம் தோன்றியது.

இவை யாவும் பெரியோரை நோக்கியவை. பிள்ளைகளுக்கென ஓர் இயக்கம் 1847-இல் லீட்ஸ் நகரில் உருவாயிற்று. குடியால் சாகக்கிடந்த ஒருவர், சிறுவரை எச்சரிக்கும்படி ஜேபஸ் டனிக்ளிஃப் என்னும் பாப்திஸ்து போதகரிடம் வேண்டிக்கொண்டார் என்பர். அயர்லாந்தைச் சேர்ந்த ஆன் ஜேன் கார்லைல் அம்மையாரின் பேச்சும் ஊக்கமும் அவருக்குத் துணையாயின. இவ்வாறு பிறந்த நம்பிக்கைக் குழு இயக்கம் பிரித்தானிய நாடெங்கும் பரவியது. வாரந்தோறும் மாலையில் பிள்ளைகள் கூடினர். பாடல், படக்காட்சி, உலா ஆகியன அங்கு நடைபெற்றன.

இவ்வியக்கத்தின் வலிமை யாது? உறுதிமொழிச் சீட்டே அதன் வலிமை என்று அதன் தலைவர்கள் கருதினர். இன்று நோக்குமிடத்து, மதுக்கடையைத் தவிர வேறு கூடுமிடம் அறியாத தெருக்களில் ஒவ்வொரு வாரமும் பிள்ளைகளுக்கு ஒளியும் இசையும் தோழமையும் உடைய ஓர் அறையைத் திறந்துவைத்ததே அதனினும் பெரிய பணி எனலாம். அதன் குறையும் வெளிப்படையானது. பொருள் முழுதும் விளங்காத வயதில் பிள்ளை கொடுத்த வாக்கு, வீட்டில் குடிக்கும் தந்தையின் முன்னால் தனித்து நிற்கவேண்டியிருந்தது. சுமையைத் தாங்கும் ஆற்றல் குறைந்தவர்மேல் அதன் பெரும்பகுதி ஏற்றப்பட்டது.

3. கள்ளும் கருவூலமும்

தமிழகத்தின் நிலை வேறு. இங்குக் குடியின் பெருக்கத்தில் அரசின் கருவூலத்திற்கும் பங்கு இருந்தது. 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள், சாராய உற்பத்தியையும் விற்பனையையும் அரசின் உரிமத்திற்கு உட்படுத்தியது. விற்கும் உரிமை ஏலம் விடப்பட்டது. ஏலம் எடுத்தவர், கொடுத்த பணத்தை மீட்க விற்பனையைப் பெருக்க முனைவது இயல்பே. 1930-களில் சென்னை மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்துறையிலிருந்து வந்தது. 1921-இல் இரட்டையாட்சி நடைமுறைக்கு வந்தபோது கல்வியும் ஆப்காரியும் இந்திய அமைச்சர்களின் பொறுப்பில் ஒருங்கே வைக்கப்பட்டன. தந்தை கள்ளுக்கடையில் செலுத்திய காசு மகனின் பள்ளிக்கூடத்திற்கு உதவும் நிலை உண்டாயிற்று. மதுவிலக்கை வேண்டியவர்களிடம், பள்ளிகளை மூடிவிடுவதா என்று திருப்பிக் கேட்பதற்கு இது வாய்ப்பளித்தது. வடிவம் மாறினாலும் அவ்வினா இன்றும் நம்மிடையே கேட்கப்படுகிறது.

இங்குப் பனைத்தொழிலின் நுட்பமொன்றை நினைவுகூர்தல் நன்று. திருநெல்வேலியின் தேரிப் பகுதிகளில், 1841-இல் இடையன்குடிக்கு வந்து பணியாற்றிய கால்டுவெல் போன்றோரின் சபைகளில் பெருந்தொகையினர் பனையேறும் மக்களே. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டுமுன் அதன் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவர். அவ்வாறு செய்தால் சாறு புளியாமல் பதநீராக இறங்கும். அதனை விடிலியில் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவர். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அதே மரத்தின் அதே சாறு புளித்துக் கள்ளாகிறது. புளித்துப்போன கள்ளில் பின்னர் எவ்வளவு சுண்ணாம்பு இட்டாலும் அது பதநீர் ஆகாது. செயலின் காலமே இங்கு முதன்மையானது. தேரிச் சபைகளின் மக்கள் அறிந்திருந்த இவ்வுண்மையை அவர்களுக்குப் போதித்தவர்கள் இளையோரைக் குறித்துப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்றே சொல்லவேண்டும். சபை ஒழுங்கு பெரும்பாலும் கலயம் புளித்த பிறகே விழித்துக்கொண்டது.

மற்றொரு குறையையும் மறைத்தல் ஆகாது. கள்ளைக் கண்டித்த பேச்சு, எளிதில் கள் இறக்குவோரையும் ஏழைத் தொழிலாளரையும் இழிவுபடுத்தும் பேச்சாகவும் மாறியது. உரிமம் விற்ற அரசும், ஏலம் எடுத்த செல்வரும், வீட்டிற்குள் அயல்நாட்டு மது அருந்திய மேன்மக்களும் அக்கண்டனத்திற்கு வெளியே நின்றனர். ஒரு சாராரை இழித்துரைக்கும் போதனை அச்சாராரின் பிள்ளைகளைக் காக்க இயலாது. தம் தந்தையரின் இழிவாகவே அதனை அப்பிள்ளைகள் கேட்பர்.

4. மார்த்தாண்டம்: இளைஞர்க்கு ஓர் இடம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நிலைக்கு மாற்றான சிந்தனை தமிழ்க் கிறிஸ்தவரிடையே தோன்றியது. சேலத்தில் 1876-இல் பிறந்த கே. டி. பால் 1916-இல் இந்திய வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் தேசியப் பொதுச் செயலாளரானார். நகர மாணவர்க்கும் அலுவலர்க்கும் உரியதாகக் கருதப்பட்ட அச்சங்கத்தின் பார்வையை அவர் ஊர்ப்புறத்தின்பால் திருப்பினார். உழவரின் கடன், கூட்டுறவு, இளைஞர் கூட்டம் ஆகியவை சங்கத்தின் பணிகளாயின.

அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், 1920-களில், ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் இச்சிந்தனைக்குச் செயல்வடிவம் தந்தார். உடல், உள்ளம், ஆவி, பொருளாதாரம், சமுதாயம் என ஐந்து பக்கங்கள் உடையது அவர் வகுத்த திட்டம். மார்த்தாண்டத்து நடுநிலையத்தைச் சுற்றிய சிற்றூர்களில் இளைஞர் சங்கங்கள் இயங்கின. நல்ல இனக் கோழி வளர்ப்பும், பெட்டிகளில் தேனீ வளர்ப்பும், கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டன. விளையாட்டு, நாடகம், இரவுப் பள்ளி ஆகியவை நடந்தன. பிறர் உதவியை எதிர்நோக்காமல், அறிந்தோரின் நெருங்கிய அறிவுரையோடு தம் கையாலேயே உயர்தல் என்பது அப்பணியின் கொள்கை.

இது மதுவிலக்கு இயக்கமாகத் தொடங்கியதன்று. ஆயினும் நம் ஆய்வுக்கு இதனைச் சேர்க்கக் காரணம் உண்டு. கையில் ஒரு தொழிலும், மாலையில் ஒரு விளையாட்டுத் திடலும், இரவில் ஒரு விளக்கும், தன் பெயரைச் சொல்லி அழைக்கும் மூத்தவர் ஒருவரும் உள்ள இளைஞனுக்குக் கடையின் பக்கம் செல்லும் தேவை குறைகிறது. இன்று தடுப்புப் பணி என்று தனித்துறையாகப் பேசப்படுவதன் உட்பொருள்களுட் பலவற்றை, அப்பெயர் சூட்டாமலே மார்த்தாண்டம் செய்துகாட்டியது.

5. சேலம் 1937: சட்டமும் மாலைப்பொழுதும்

கள்ளுக்கடை மறியல் 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தின் பகுதியாயிற்று. ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியலில் முன்னின்றனர். ஈ. வெ. இராமசாமி தமது தோப்பிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைமரங்களைக் கள்ளுக்கு உதவாதபடி வெட்டச் செய்தார். 1925-இல் இராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவினார். அங்கிருந்து 1929-இல் மதுவிலக்கிற்கென்றே ‘விமோசனம்’ என்னும் மாத இதழ் வெளிவந்தது. கல்கி அதன் பணியில் துணைநின்றார். கதையும் பாட்டும் படமும் கொண்டு எளிய மக்களுக்குச் செய்தி சொல்ல முயன்ற இதழ் அது.

இப்பின்னணியுடன் 1937-இல் சென்னை மாகாண முதலமைச்சரான இராஜாஜி, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் முழு மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். 1938-இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939-இல் வடஆர்க்காட்டிற்கும் அது விரிந்தது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது.

சேலத்தைப் பற்றி எழுதுவோர் சட்டத்தையே பெரிதும் குறிப்பிடுவர். நாம் கவனிக்கவேண்டியது சட்டத்தோடு சென்ற துணைப்பணிகளை. கடைகள் மூடப்படும்போது மாலை நேரம் வெறுமையாகும் என்பதை அக்கால அதிகாரிகள் உணர்ந்திருந்தனர். ஊர்தோறும் பஜனையும் நாடகமும் விளையாட்டும் ஊக்குவிக்கப்பட்டன. தேநீர்க் கடைகள் பெருகின. தொழில் இழந்த மரமேறிகள் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்பட்டன. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பொருளியல் துறையினர் அம்மாவட்டத்தில் ஆய்வு நடத்தி, குடும்பங்களின் உணவு, உடை, கடன் ஆகியவற்றில் ஏற்பட்ட நன்மாற்றங்களைப் பதிவுசெய்தனர்.

எனினும் இம்முயற்சிக்குப் போதிய ஆயுள் கிடைக்கவில்லை. 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை விலகியது. பின்னர்ப் போர்க்காலத்து ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. பஜனைக் குழுக்களும் விளையாட்டுகளும் பெரும்பாலும் அரசு அலுவலரின் ஊக்கத்தால் நடந்தவை. அவ்வூக்கம் அகன்ற பிறகு அவற்றைத் தாங்கும் தோள்கள் ஊருக்குள் வேண்டியிருந்தன. அரசு மாறினாலும் ஊரிலேயே தங்கி, ஞாயிறுதோறும் மணி அடித்து மக்களைக் கூட்டும் அமைப்புகளுள் திருச்சபையும் ஒன்று. சேலத்தின் துணைப்பணிகளைத் தன் வழக்கமான பணிகளாக ஏற்றிருந்தால் அது எத்தகைய காவலாக அமைந்திருக்கும் என்பது நம் சிந்தனைக்குரியது.

6. குமரப்பாவும் பனைவெல்லமும்

பிழைப்பைப் பற்றிய வினாவிற்கு ஆழ்ந்த விடை தந்தவர் தமிழ்க் கிறிஸ்தவரான ஜே. சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்து, அமெரிக்காவில் பொருளியல் பயின்ற இவர், 1934-இல் வார்தாவில் தொடங்கப்பட்ட அகில இந்தியக் கிராமத் தொழிற்சங்கத்தின் அமைப்பாளராக உழைத்தார். மதுவிலக்கு வந்தால் மரமேறியின் குடும்பம் எதை உண்ணும் என்பதை மதுவிலக்கின் வெளியே நிற்கும் வினாவாக அவர் கருதவில்லை. பனையிலிருந்து வெல்லம் காய்ச்சினால் அக்குடும்பத்திற்கு வாழ்வு உண்டு. கரும்பு பயிராகும் நல்ல நிலமும் தானியத்திற்கு விடுபடும் என்று அவர் வாதிட்டார். பனைவெல்லத் தொழிலைச் சீர்திருத்தும் பணிக்கு இச்சிந்தனை ஊக்கமளித்தது. தம் இறுதி ஆண்டுகளை அவர் மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியில் கழித்தார்.

இயேசுவின் போதனையையும் நடைமுறையையும் பற்றிச் சிறையில் இருந்தபோது நூல் எழுதிய குமரப்பாவுக்குப் பொருளியலும் பக்தியும் இரண்டல்ல. தீமையை விலக்குமாறு ஒருவனிடம் கூறும் சபை, அத்தீமையால் பிழைப்பவனுக்கு மாற்று வழி காட்டக் கடமைப்பட்டுள்ளது என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் பாடம். இது இளைஞர்க்கு மேலும் பொருந்தும். கள்ளச்சாராயம் காய்ச்சுவோரும் கஞ்சா கடத்துவோரும் தேடுவது வேலையற்று நிற்கும் கைகளை அல்லவா?

7. திறப்பும் அடைப்பும்: 1948 முதல்

விடுதலைக்குப் பின், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில், 1948 அக்டோபர் 2-ஆம் நாள் மதுவிலக்கு மாகாணம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. அது 1971 ஆகஸ்டு 30 வரை நீடித்தது. அதனைத் தளர்த்தவேண்டாம் என்று தொண்ணூற்றிரண்டு வயது இராஜாஜி முதலமைச்சர் மு. கருணாநிதியை நேரில் கண்டு வேண்டினார். நிதி நெருக்கடியைக் காட்டிய அரசு கடைகளைத் திறந்தது. 1973, 1974 ஆண்டுகளில் சாராயக் கடைகளும் கள்ளுக்கடைகளும் மீண்டும் மூடப்பட்டன. 1981-இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் மீண்டும் திறக்கப்பட்டன. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் அமைக்கப்பட்டது. மொத்த வணிகம் செய்துவந்த அக்கழகத்திடம் 2003-இல் சில்லறை விற்பனையும் ஒப்படைக்கப்பட்டது.

1948-இல் பிறந்த குழந்தைக்கு 1971-இல் 23 வயது. உரிமம் பெற்ற மதுக்கடையைத் தன் ஊரில் காணாமலே வளர்ந்த ஒரு தலைமுறை அது. அம்மறைப்பினால் விளைந்த நன்மை பெரிது. கள்ளச்சாராயமும் காவல்துறை வழக்குகளும் அக்காலத்தில் ஏழைகளை வருத்தின என்பதும் உண்மை. ஆயினும் இருபத்திரண்டு ஆண்டுகளின் அமைதியில் அத்தலைமுறைக்கு ஒன்று கற்பிக்கப்படாமல் போயிற்று. கடை திறந்தால் அதன் முன்னால் எவ்வாறு நிற்பது என்பதே அது. சட்டமே காவலாக இருந்தபடியால் வீடும் சபையும் தம் காவலைப் பழகவில்லை. சட்டம் நீங்கிய நாளில் கதவுக்குப் பின்னால் வேறு தாழ்ப்பாள் இல்லை.

அதன் பின்னரும் போராட்டங்கள் ஓயவில்லை. சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த காந்தியவாதி சசி பெருமாள், மார்த்தாண்டத்தை அடுத்த உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிப் போராடும்போது 2015 ஜூலை 31 அன்று உயிர்நீத்தார். முன்னர் நாம் கண்ட இரு ஊர்ப்பெயர்களும் அம்மரணத்தில் ஒன்றுசேர்ந்தன. நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்ற உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதைத் தொடர்ந்து 2017-இல் அவை ஊர்களுக்குள் நகர முயன்றபோது, பல சிற்றூர்களில் பெண்களே திரண்டு தடுத்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. உரிமக் கடை திறந்திருப்பதனால் கள்ளச்சாராயம் ஒழிந்துவிடும் என்னும் வாதமும், மூடினால் மட்டுமே எல்லாம் சீராகும் என்னும் வாதமும் நம் வரலாற்றின்முன் முழுமையாக நிற்பதில்லை.

8. இன்றைய அறிவு கூறுவது

நடுவண் அரசின் சமூகநீதி அமைச்சகத்திற்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தினர் நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. இந்தியாவில் 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துவோர் என்று அது கணித்தது. 10 முதல் 17 வயதினரில் இது 1.3 விழுக்காடு. இதனால் ஆறுதல் கொள்ளலாகாது. பசை முதலியவற்றை முகரும் பழக்கம் வளர்ந்தோரில் 0.58 விழுக்காடாக இருக்க, இச்சிறாரிடையே 1.17 விழுக்காடாக உள்ளது. மிதிவண்டிக் குழாய்க்குப் பஞ்சர் ஒட்டும் பசையை வாங்க எவரும் கடைக்கு மறைந்து செல்லவேண்டியதில்லை. இளமையில் தொடங்கும் பழக்கமே பின்னர் அடிமைத்தனமாக முற்றும் வாய்ப்பு மிகுதி என்பதும் மருத்துவர் நன்கு அறிந்தது.

எம்முறையில் தடுப்பது என்பதிலும் அறிவு வளர்ந்துள்ளது. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றத்தடுப்பு அலுவலகம் 2013-இல் தடுப்புப் பணிக்கான நெறிகளைத் தொகுத்து வெளியிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்துடன் இணைந்து 2018-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. பெற்றோரின் வளர்ப்புத் திறனைப் பெருக்குதல், மறுக்கவும் முடிவெடுக்கவும் பிள்ளைகளைப் பழக்கும் பயிற்சிகள், ஊரின் பல அமைப்புகள் சேர்ந்து உழைத்தல் ஆகியன பயன் தருபவை என்று அது காட்டுகிறது. அச்சுறுத்தும் படங்களும், தகவலை மட்டும் அடுக்கும் சொற்பொழிவும், முன்னர் அடிமையாயிருந்தவரை நிறுத்திச் சாட்சி கூறச் செய்வதும் தடுப்புக்குப் பயனளித்ததாகச் சான்று இல்லை என்றும் அது எச்சரிக்கிறது.

இவ்வெச்சரிக்கை நம்மை நேரடியாகத் தொடுகிறது. நம் வாலிபர் கூடுகைகளில் நாம் பெரிதும் நம்புவது இம்மூன்றையே. மீட்கப்பட்டவரின் சாட்சி சபைக்கு மகிழ்ச்சியும், குடியில் சிக்கியோர்க்கு நம்பிக்கையும் தரும். அதற்குரிய இடம் அதற்கு உண்டு. ஆனால் இன்னும் தொடாத பிள்ளை அதனைக் கேட்டு, எவ்வளவு தூரம் சென்றாலும் ஆண்டவர் திரும்பக் கொண்டுவருவார் என்று மட்டும் எண்ணிக்கொள்ளவும் கூடும்.

முடிவுரை: ஆயர்களுக்குச் சில சிந்தனைகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நம் ஊர்ப்புறப் பணிக்கென நான்கு கருத்துகளை முன்வைக்கலாம்.

முதலாவது, மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை நம் சேகரத்தின் பதினைந்து வயதுப் பிள்ளைகள் எங்கிருக்கிறார்கள் என்பதை ஆயர் அறிந்திருக்க வேண்டும். ஆலய வளாகம் பெரும்பாலான ஊர்களில் வாரத்தின் ஆறு மாலைகளும் பூட்டியே கிடக்கிறது. இரவுப் பாடமோ, பந்தாட்டமோ, பாடற்குழுப் பயிற்சியோ அங்கு நடைபெறலாம். எச்சமயத்துப் பிள்ளைகளும் அங்கு வரலாம். இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. பொறுப்பேற்கும் இரண்டு மூத்தவர்கள் வேண்டும்.

இரண்டாவது, உறுதிமொழி எடுப்பதாயின் பெரியோரும் சேர்ந்தே எடுக்கவேண்டும். நம் பிள்ளைகள் பலர் முதற்குவளையைக் கடையில் பெறுவதில்லை. கல்யாண வீட்டின் பின்புறத்திலும், அசனத்தின் இரவிலும், கிறிஸ்து பிறப்பு நாளின் மகிழ்ச்சியிலும் பெறுகிறார்கள். மூப்பர்களும் சேகரக் குழுவினரும் தம் வீட்டு விழாக்களில் மது இல்லை என்று முடிவு செய்தால், அது பிள்ளைகளிடம் வாங்கும் நூறு சீட்டுகளுக்கு ஈடாகும். ரேகாபியரிடம் தந்தையரே முன்னின்றனர்.

மூன்றாவது, குடிப்பவரின் வீட்டைச் சபை கைவிடலாகாது. திருவிருந்தினின்று விலக்குதல் தந்தையைத் திருத்துமோ இல்லையோ, அவ்வீட்டுப் பிள்ளையைச் சபையினின்று விலக்கிவிடுதல் கூடும். மிகுதியான இடர் அப்பிள்ளைக்கே உள்ளது. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் ஒவ்வொரு வேளையிலும் அவ்வீட்டுப் பிள்ளைகளை யார் கவனிப்பார் என்பதையும் குழு முடிவு செய்வது முறையாகும்.

நான்காவது, பொதுவாழ்வின் கடமையையும் நாம் தட்டிக்கழிக்க இயலாது. கிராம சபையில் எழுந்து பேச ஒவ்வொரு வாக்காளருக்கும் உரிமை உண்டு. பள்ளிக்கு அருகே புகையிலை விற்பதையும், 21 வயது நிரம்பாதவர்க்கு மது விற்பதையும் சட்டமே தடுக்கிறது. அதனைச் செயற்படுத்துமாறு கேட்பது அயலானிடம் கொள்ளும் அன்பின் ஒரு வடிவம். அதனோடு, குமரப்பா கேட்ட பிழைப்பைப் பற்றிய வினாவையும் நாம் கேட்டாக வேண்டும்.

கடைகள் இனியும் மூடப்படலாம். மீண்டும் திறக்கப்படவும் கூடும். கடந்த எண்பது ஆண்டுகளின் வரலாறு அதுவே. ஊரில் நிலைத்திருக்கும் திருச்சபை அம்மாற்றங்களைக் காத்துக்கொண்டிராமல், கலயத்தைப் பாளையில் கட்டுமுன் சுண்ணாம்பு தடவும் பனையேறியின் எளிய அறிவைத் தன் ஊழியத்தில் கைக்கொள்வதாக. இப்பணிக்கு உரிய கண்ணையும் பொறுமையையும் ஆண்டவர் நமக்குத் தந்தருள்வாராக.